பாத்ரூம் தரையும் பத்துப் பேர் பாதமும்
வாசகர் கேள்விகளுக்குத் தோல் மருத்துவரின் பதில்கள்

மாணவர் விடுதிகளிலிருந்து வரும் கடிதங்களைக் கொஞ்ச நாளாகத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு வந்தேன். மாணவர் மருத்துவ மையம் ஒன்றில் தோல் பிரிவைப் பார்க்கிறவள் என்பதால், எழுதியவர்களை நேரில் பார்த்தது போலவே இருக்கிறது. எல்லாக் கடிதங்களிலும் அரிப்பு ஒரு பங்கு என்றால் வெட்கம் மூன்று பங்கு. அதனால் இந்த இதழின் பக்கங்களை முழுக்க இதற்கே ஒதுக்கிவிட்டேன். ஊர், பெயர் எதையும் போடவில்லை.

கேள்வி: எங்கள் மாடியில் இரண்டு பாத்ரூம், பத்துப் பேர் இருக்கிறோம். இந்தப் பருவத்தில் நான்கு பேருக்குக் கால் விரல் இடுக்கில் அரிப்பு. தோல் வெள்ளையாக ஊறிப்போய் உரிகிறது. சுவரிலும் கதவு மூலையிலும் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்திருக்கிறது. அதுதான் காரணம் என்று எல்லோரும் சேர்ந்து சுவரைத் தேய்த்துக் கழுவினோம். சுவர் பளிச்சென்று ஆகிவிட்டது, அரிப்பு அப்படியே இருக்கிறது. வேறு என்ன செய்வது, டாக்டர்?
- முதலாமாண்டு மாணவர்

பதில்: சுவரைக் கழுவியது நல்ல காரியம். ஆஸ்துமாவும் அலர்ஜியும் உள்ளவர்களுக்கு அந்தக் கறுப்புப் பூஞ்சை தொல்லை கொடுக்கும். ஆனால் உங்கள் விரல் இடுக்கில் இருப்பது அது இல்லை, தம்பி. சுவரில் கறுப்பாகப் படர்வது பெரும்பாலும் கிளாடோஸ்போரியம் போன்ற வகைகள். ஈரமும் கொஞ்சம் சோப்புப் படிவும் இருந்தால் அவை வளர்ந்துவிடும். குழாய் ஓரத்தில் ரோஸ் நிறத்தில் வழவழவென்று படிகிறதே, அது பல நேரங்களில் பூஞ்சையே இல்லை, பாக்டீரியா. கண்ணுக்குத் தெரிகிற இந்த இரண்டையும் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள்.

காலில் சேற்றுப்புண்ணையும் உடம்பில் படர்தாமரையையும் உண்டாக்கும் பூஞ்சைகள் தனிக் கூட்டம். டெர்மட்டோஃபைட் என்று சொல்வோம். பாதத்தில் அதிகம் காண்பது ட்ரைகோஃபைட்டன் ரூப்ரம், ட்ரைகோஃபைட்டன் இன்டர்டிஜிட்டாலே ஆகிய இரண்டும்தான். கெரட்டின்தான் இவற்றின் உணவு. நம் தோலின் மேலடுக்கு, முடி, நகம் எல்லாம் அந்தப் புரதத்தால் ஆனவை. டைல்ஸிலும் பெயின்டிலும் கெரட்டின் கிடையாது, அதனால் சுவரில் இவை படர்வதில்லை. ஒருவரின் பாதத்திலிருந்து உதிரும் தோல் செதிலுக்குள் வித்தாக ஒடுங்கி, தரையில் காத்திருக்கின்றன. அந்த வித்துகள் மாதக் கணக்கில், சில சமயம் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். செதில் மிகச் சிறியது. ஈரத் தரையில் அடுத்தவர் காலை வைத்தால் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்.

இது ஊகம் இல்லை. 1956இல் ஜென்டில்ஸ் என்ற ஆராய்ச்சியாளர், பலர் சேர்ந்து குளிக்கும் இடங்களின் தரையிலிருந்தே இந்தப் பூஞ்சைகளைப் பிரித்தெடுத்துக் கட்டுரை வெளியிட்டார். அடுத்து, சுரங்கத் தொழிலாளர்களின் பாதங்களில் இந்த நோயை ஆராய்ந்தார். வேலை முடிந்து எல்லோரும் ஒரே இடத்தில் குளிப்பவர்கள் அவர்கள். 1958இல் கிரிசியோஃபுல்வின் என்ற மருந்தை வாய்வழியாகக் கொடுத்தால் கினிப் பன்றிகளின் படர்தாமரை குணமாகிறது என்று காட்டியவரும் அவரேதான். தோல் பூஞ்சைக்கு மாத்திரை என்ற ஒன்று வந்தது அதற்குப் பிறகுதான்.

உங்களுக்குச் சாதகமான விஷயம் ஒன்று உண்டு. செதில் ஒட்டிய நிமிடமே நோய் வந்துவிடாது. வித்து தோலில் நன்றாகப் பற்றி, முளைவிட்டு, உள்ளே இறங்கப் பல மணி நேரம் வேண்டும், ஈரமும் வேண்டும். குளித்து முடித்ததும் பாதத்தைக் கழுவி விரல் இடுக்குகளைத் துடைத்துவிட்டால் ஒட்டியதில் பெரும்பகுதி போய்விடும். நான்காவது விரலுக்கும் சுண்டு விரலுக்கும் இடையில்தான் முதலில் வருகிறது, கவனித்தீர்களா? இருப்பதிலேயே நெருக்கமான இடுக்கு அது, காற்றே போகாது. துடைக்கும்போது அவசரத்தில் நாம் விட்டுவிடுகிற இடமும் அதுதான். ஈரக்காலோடு சாக்ஸை இழுத்து மாட்டிக்கொண்டு ஷூவுக்குள் காலை நுழைத்து வகுப்புக்கு ஓடினால், மாலைவரை அந்த வித்துக்குத் தேவையான எல்லாமே அங்கே இருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது: அரிப்புள்ள நான்கு பேரும் ஒரே வாரத்தில் சிகிச்சையைத் தொடங்குங்கள். ஒருவர் இந்த மாதம், இன்னொருவர் தேர்வு முடிந்து என்றால் பூஞ்சை உங்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். மற்ற ஆறு பேரும் பாதத்தைக் காட்ட வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன். ட்ரைகோஃபைட்டன் ரூப்ரம் சிலருக்கு அரிப்பே தராது. உள்ளங்கால் முழுக்க வறண்டு, மாவு தடவியது போல வெளுத்து, ஓரங்களில் செதில் உதிரும். "எனக்கு எப்போதுமே வறண்ட பாதம்தான் டாக்டர்" என்பார்கள். க்ரீம் போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டுவார்கள். ஒரு மாடியில் நோய் திரும்பத் திரும்ப வந்தால், நான் முதலில் தேடுவது அரிப்பே இல்லாத அந்தப் பாதத்தைத்தான். செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சை இழைகள் தெரிந்துவிடும். எளிய பரிசோதனைதான். இடுக்கில் அரிப்பு என்றாலே பூஞ்சைதான் என்றும் இல்லை. எரித்ராஸ்மா என்ற பாக்டீரியா நோயும் அங்கே வரும், உட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கின் வெளிச்சத்தில் பவள நிறத்தில் ஒளிரும். அதற்கு மருந்து வேறு. அதனால்தான் பார்த்துவிட்டு மருந்து எழுதச் சொல்கிறேன்.

குளியலறைக்குள் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். அவரவர் செருப்பு. வாசலில் கிடக்கும் பொதுச் செருப்பு வேண்டாம், அது தரையைவிட மோசம்.

கேள்வி: தொடை இடுக்கில் வட்டமாகச் சிவந்து, ஓரம் மட்டும் தடித்து, ராத்திரியில் தாங்க முடியாத அரிப்பு. சீனியர் அக்கா ஒரு ட்யூபைக் கொடுத்தார். மூன்று நாளில் மாயமாகிவிட்டது. நிறுத்தியதும் முன்பைவிடப் பெரிதாக வந்தது. மறுபடி போட்டேன், குறைந்தது. இப்படியே மாதக் கணக்கில் ஓடுகிறது. இப்போது வயிறுவரை பரவி, வட்டத்துக்குள் வட்டமாக இருக்கிறது. யாரிடமும் காட்டக் கூச்சமாக இருக்கிறது.
- மாணவி

பதில்: கண்ணம்மா, உங்கள் கடிதத்தோடு அந்த ட்யூபின் படத்தையும் வைத்திருந்தது நல்லதாயிற்று. அதிலுள்ள பொருட்களைப் படித்தேன். பூஞ்சை மருந்து ஒன்று, பாக்டீரியா மருந்து ஒன்று, மூன்றாவதாகக் க்ளோபெட்டசால். கடைசியாகச் சொன்னது ஸ்டீராய்டு, அந்த வகையிலேயே மிக வீரியமானது. சிவப்பையும் அரிப்பையும் அடக்குவது அதுதான். அரிப்பு என்பது உங்கள் உடம்பு பூஞ்சையோடு போராடுவதன் அடையாளம். ஸ்டீராய்டு அந்தப் போராட்டத்தை நிறுத்தி வைக்கிறது. மேலே அமைதி, கீழே பூஞ்சை தடையில்லாமல் பரவுகிறது. நிறுத்தியதும் உடம்பு விழித்துக்கொண்டு சண்டை போடுகிறது, பெரிய வட்டமாகத் தெரிகிறது. வட்டத்துக்குள் வட்டம் நான் அடிக்கடி பார்க்கும் காட்சி. ஸ்டீராய்டு பட்ட படர்தாமரை பல சமயம் அப்படித்தான் வரும். சிலருக்கு உருவமே மாறி, தோல் மருத்துவரையே குழப்பிவிடும். தொடை இடுக்கு மாதிரி மென்மையான இடத்தில் தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, பிரசவத் தழும்பு போன்ற கோடுகள் விழும். அந்தக் கோடுகள் முழுதாக மறைவதில்லை. இருபது வயதுகூட ஆகாத பிள்ளைகளின் தொடையில் அவற்றைப் பார்க்கும்போது எனக்கு உண்மையில் கோபம் வருகிறது. கோபம் பிள்ளைகள் மேல் இல்லை. சீட்டு இல்லாமல் இந்தக் கலவைகள் கைக்குக் கை மாறுகிறதே, அதன் மேல்.

அந்த ட்யூபை நிறுத்திவிட்டு இந்த வாரமே தோல் மருத்துவரிடம் போங்கள். பெண் மருத்துவர் வேண்டும் என்றால் கேட்கலாம், அதில் தவறே இல்லை. "இந்த க்ரீமை இத்தனை மாதம் போட்டேன்" என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள், ட்யூபையும் எடுத்துப் போங்கள். நிறுத்திய முதல் வாரம் அரிப்பு கூடும். அந்த வாரத்தில்தான் பலர் மனம் தளர்ந்து பழைய ட்யூபைத் தேடுகிறார்கள். அரிப்பை அடக்க மருத்துவர் மாத்திரை கொடுப்பார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பரவியதற்குத் தடவும் மருந்து மட்டும் போதாது, வாய்வழி மருந்தும் வேண்டியிருக்கும். முன்பெல்லாம் டெர்பினாஃபின் கொடுத்தால் நிச்சயம் சரியாகும் என்ற நம்பிக்கையோடு அனுப்புவோம். இப்போது அந்த மருந்துக்கு அடங்காத ட்ரைகோஃபைட்டன் இன்டோட்டினியே என்ற இனம் இருக்கிறது. 2020இல் தனி இனமாகப் பெயரிடப்பட்டது, பல நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. மருந்து எந்த நொதியைத் தாக்க வேண்டுமோ, அந்த ஸ்குவாலீன் எபாக்சிடேஸின் மரபணு மாறிப்போனதால் மருந்து பிடிப்பதில்லை. அது உடம்பு, தொடை, பிட்டம் என்று அகலமாகப் பரவும். ஒழுங்காகச் சாப்பிட்டும் குறையவில்லை என்றால் மருத்துவர் வேறு மருந்துக்கு மாற்றுவார். அதனால் மறு பரிசோதனைக்கு வரச் சொன்ன தேதியைத் தவற விடாதீர்கள்.

க்ரீம் போடும் முறையையும் சொல்லிவிடுகிறேன், இதைப் பலருக்கு யாரும் சொல்வதில்லை. வட்டத்தின் நடுவில் தோல் தெளிந்திருக்கும், பூஞ்சை ஓரத்தில்தான் முன்னேறிக்கொண்டிருக்கும். எனவே ஓரத்தைத் தாண்டி வெளியே 2 செ.மீ. வரை தடவ வேண்டும். மறைந்துவிட்டது என்று தோன்றிய பிறகும் மருத்துவர் சொன்ன நாள்வரை, பொதுவாக இன்னும் ஒன்றிரண்டு வாரம், போட வேண்டும்.

அப்புறம், உங்கள் பாதத்தைப் பாருங்கள். தொடை இடுக்குப் படர்தாமரை பலருக்குச் சொந்தப் பாதத்திலிருந்துதான் மேலே ஏறுகிறது. உள்ளாடையைக் கால் வழியாக இழுத்துப் போடும்போது பாதத்துச் செதில் துணியில் ஒட்டிக்கொண்டு மேலே போகிறது. பாதம் குணமாகும்வரை முதலில் சாக்ஸ், பிறகு உள்ளாடை என்று வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். பாதம் துடைத்த துண்டால் மேலே துடைக்க வேண்டாம்.

கேள்வி: அறைத்தோழனுக்கு முதுகிலும் கழுத்திலும் வெளிறிய தேமல். நாங்கள் ஒரே பாத்ரூம். ஒட்டிக்கொள்ளுமா? அறை மாற்றிக் கேட்கலாமா?

பதில்: வேண்டாம். தேமல் உண்டாக்கும் மலசீசியா என்ற ஈஸ்ட் உங்கள் தோலிலும் இப்போதே இருக்கிறது, என் தோலிலும் இருக்கிறது. வியர்வையும் எண்ணெய்ப் பசையும் கூடும்போது சிலருக்கு மட்டும் அது பெருகித் தேமலாகத் தெரியும். தரையிலிருந்தோ துண்டிலிருந்தோ வந்ததில்லை. மருந்து போட்டுச் செதில் நின்ற பிறகும் நிறம் திரும்ப மாதங்கள் ஆகும் என்று நண்பரிடம் சொல்லுங்கள். அறையை மாற்றாதீர்கள், அவர் மனது புண்படும்.

கேள்வி: விடுதிக் காப்பாளராக இருக்கிறேன். தரையைத் தினமும் வாசனை லோஷன் போட்டுத் துடைக்கச் சொல்கிறேன். இருந்தும் படர்தாமரைப் புகார் குறையவில்லை. நோயுள்ள மாணவிகளுக்குத் தனிக் குளியலறை ஒதுக்கி, கதவில் எழுதி ஒட்டலாமா என்று நிர்வாகத்தில் கேட்கிறார்கள். தங்கள் கருத்து?

பதில்: அம்மா, கதவில் எழுதி ஒட்டும் யோசனையைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். எழுதி ஒட்டிய மறுநாளிலிருந்து உங்களிடம் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். நோயை மறைத்துக்கொண்டு பொதுக் குளியலறைக்கே போவார்கள், ட்யூப் கைக்குக் கை மாறும், மேலே எழுதிய மாணவிக்கு நேர்ந்ததுதான் எல்லோருக்கும் நேரும். சிகிச்சையில் இருக்கும் பெண்ணைப் பிரித்து வைக்க மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. சிகிச்சைக்கே போகாதவர்தான் பூஞ்சையைத் தரையில் உதிர்த்துக்கொண்டிருப்பவர். அவர்கள் கூச்சப்படாமல் வர வழி செய்யுங்கள். பருவத் தொடக்கத்தில் ஒரு நாள் தோல் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தால், உங்கள் லோஷன் செய்வதைவிட அதிகம் செய்யும்.

தரைக்கு வருகிறேன். வாசனை கிருமியைக் கொல்வதில்லை. முதலில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பிரஷால் தேய்த்து முடி, செதில், சோப்புப் படிவு எல்லாவற்றையும் அகற்றிவிட வேண்டும். அழுக்கின் மேல் கிருமிநாசினி ஊற்றினால் அதன் வீரியம் அழுக்கிலேயே கரைந்துவிடும். கழுவிய தரையில், வீட்டு உபயோகத் திரவ ப்ளீச் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஈரமாகவே விடுங்கள். ஊற்றிய கையோடு துடைத்தெடுத்தால் பயன் இல்லை. பிறகு கழுவித் தள்ளி, காய விடுங்கள். ப்ளீச்சை ஆசிட் வகை டாய்லெட் கிளீனரோடு எந்தக் காரணத்துக்காகவும் கலக்கக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா கலந்த கிளீனரோடும் கூடாது. துப்புரவுப் பணியாளருக்குக் கையுறையும், திறந்த ஜன்னலும் கட்டாயம் வேண்டும். இதைப் பணியாளரிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். அடைத்த சின்ன அறையில் இரண்டையும் ஊற்றிவிட்டு மூச்சுத் திணறி வந்தவர்களுக்குச் சிகிச்சை செய்திருக்கிறேன்.

துணி மிதியடியையும் மர மணையையும் எடுத்துவிடுங்கள். அவற்றில் ஈரம் தங்கும், செதிலும் தங்கும். தண்ணீர் தேங்காமல் வடிகிறதா, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள். செருப்போடு குளிக்க வசதியாகத் தரை வழுக்காமல் இருக்கட்டும். ஒவ்வொருவருக்கும் துண்டு மாட்டத் தனித்தனிக் கொக்கி, ஒன்றோடொன்று உரசாத தூரத்தில். இவ்வளவு போதும். ஆனால் பாதங்களுக்குச் சிகிச்சை இல்லாமல் தரையை மட்டும் கழுவுவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் நிரப்புகிற வேலைதான்.

கேள்வி: கட்டைவிரல் நகம் மஞ்சளாகத் தடித்து, அடியில் பொடியாக உதிர்கிறது. ஒரு மாதம் க்ரீம் போட்டேன், மாற்றமே இல்லை. மாத்திரை கல்லீரலைக் கெடுக்கும் என்கிறார்கள்.
- ஆராய்ச்சி மாணவர்

பதில்: நகத்துக்கு மேலே போடும் சாதாரண க்ரீம் நகத்தைத் துளைத்துக் கீழே இறங்காது, அதனால்தான் மாற்றம் இல்லை. மாத்திரைக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. தடித்த நகமெல்லாம் பூஞ்சை அல்ல. இறுக்கமான ஷூ, விளையாட்டில் பட்ட அடி, சொரியாசிஸ் எல்லாம் நகத்தை இதே மாதிரி ஆக்கும். நகத் துணுக்கைப் பரிசோதித்து உறுதி செய்யாமல் மாத்திரையைத் தொடங்க வேண்டாம். உறுதியானால் கால் நகத்துக்கு டெர்பினாஃபின் வழக்கமாக 12 வாரம், கை நகத்துக்கு 6 வாரம். கல்லீரல் பாதிப்பு அரிது. ஆனாலும் தொடங்கும் முன் ரத்தத்தில் பார்த்துக்கொள்வோம், குடிப்பழக்கமோ வேறு மாத்திரைகளோ இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

12 வாரம் முடிந்த அன்று நகம் அசிங்கமாகவே இருக்கும். ஏமாந்துவிடாதீர்கள். கால் கட்டைவிரல் நகம் முழுதாகப் புதிதாய் வளர ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் ஆகும். அடியிலிருந்து தெளிந்த நகம் ஏறி வருகிறதா என்பதுதான் கணக்கு. அதுவரை உங்கள் நகவெட்டி உங்களுடையது மட்டுமே. அறையில் ஒரே நகவெட்டியைச் சுற்றவிடும் பழக்கம் எல்லா விடுதிகளிலும் இருக்கிறது.

கேள்வி: மகளுக்குக் கை விரல்களின் ஓரத்தில் நீர்க் கொப்புளங்கள், கடும் அரிப்பு. சோப்பு அலர்ஜி என்று சோப்பை மாற்றிவிட்டோம். விடுதியில் சேர்ந்த பிறகுதான் ஆரம்பம். காலிலும் தோல் உரிகிறது.

பதில்: சோப்பாகவும் இருக்கலாம். ஆனால் கடிதத்தின் கடைசி வரியில் "காலிலும் தோல் உரிகிறது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், என் கண் அங்கேதான் நின்றது. காலில் பூஞ்சை தீவிரமாக இருக்கும்போது, அதற்கு உடம்பு காட்டும் எதிர்வினையாகக் கையில் கொப்புளம் கிளம்புவது உண்டு. அந்தக் கொப்புளத்தில் பூஞ்சை இருக்காது, சுரண்டிப் பார்த்தாலும் கிடைக்காது. காலைச் சரிசெய்தால் கை தானே அடங்கும். மருத்துவரிடம் கையை மட்டும் காட்டிவிட்டு வராமல் காலையும் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: பொது வாஷிங் மெஷினில் எல்லோர் துணியும் ஒன்றாகப் போகிறது. பரவுமா?

பதில்: பரவ வாய்ப்பு உண்டு. சாதாரண 30, 40 டிகிரித் தண்ணீரில் வித்துகள் தப்பித்து, கூடப் போட்ட துணிக்கும் மாறலாம். சாக்ஸ், உள்ளாடை, துண்டு மூன்றையும் 60 டிகிரியில் தனியாகத் துவைத்தால் கவலை இல்லை. அந்த வசதி இல்லாதவர்கள் சாக்ஸையும் துண்டையும் தனி வாளியில் நல்ல வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, முழுதாகக் காய்ந்த பிறகே மடித்து வையுங்கள். ஷூவை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்கள், உள்ளே காயட்டும்.

கேள்வி: விரல் இடுக்கில் வெடிப்பு பல மாதமாக இருக்கிறது. நேற்றிலிருந்து பாதத்தின் மேல்பக்கம் சிவந்து வீங்கிச் சூடாக இருக்கிறது, லேசான காய்ச்சலும் உண்டு. எந்த க்ரீம் போடலாம்?

பதில்: இந்தக் கேள்வி வந்த அன்றே தொலைபேசியில் பேசி, மருத்துவமனைக்குப் போகச் சொல்லிவிட்டேன். இங்கே போடுவது மற்றவர்களுக்காக. இது க்ரீம் போடும் நிலை இல்லை. பூஞ்சை உண்டாக்கிய வெடிப்பு வழியாகப் பாக்டீரியா உள்ளே போய்த் தோலின் ஆழத்தில் பரவியிருக்கிறது. செல்லுலைட்டிஸ் என்பார்கள். ஆன்டிபயாடிக் உடனே வேண்டும். சிவப்பு மேலே ஏறுகிறதா என்று பார்க்கப் பேனாவால் அதன் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். சர்க்கரை நோய் உள்ளவர் என்றால் காய்ச்சல் வரும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது.